வெண்மைக்கு வைத்த விலை

இலை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது பசுமையே. மருந்துக்குரிய மூலிகையைப் பச்சிலை என்கிறோம். மழை கண்ட வயலைப் பச்சை பிடித்தது என்கிறோம். இவ்வாறு பசுமையையே இலையின் இலக்கணமாகக் கொண்ட நம்மிடையே, அண்மைக் காலமாகப் பசுமை சிறிதுமற்ற இலைக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. நகரத்து வீடுகளின் வரவேற்பறைகளிலும் யன்னலோரங்களிலும் வெள்ளை படர்ந்த இலைச்செடிகளை வைத்துப் பேணும் வழக்கம் பெருகியுள்ளது. பச்சையும் வெள்ளையும் கலந்த இலை அழகானதே. அதனை நான் மறுக்கவில்லை. ஆயின், கலப்பிலே வெள்ளை மிகுந்தோறும் விலை மிகுவதும், முழு வெள்ளையாய் விரியும் இலையைச் செடியின் நிறைவென்று கொண்டாடுவதும் அறியாமையின்பாற் பட்டவை என்பது என் கருத்து. அக்கருத்துக்கு நான் வந்து சேர்ந்த வழி சற்று வெட்கத்துக்குரியது. அதனையே முதலிற் கூறிவிடுகிறேன்.

2021ஆம் ஆண்டின் முடிவிலே, முன்னர் என்னிடம் தமிழ் கற்ற மாணாக்கர் ஒருவர் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்தபோது என்னைக் காண வந்தார். புதிதாய் உத்தியோகம் பெற்றவர். கையிலே ஒரு சிறு பூச்சாடி. அதிலே மொன்ஸ்டெரா என்னும் கொடியின் வெட்டுத்துண்டு ஒன்று நடப்பட்டிருந்தது. அதன் தலையில் ஒரேயோர் இலை. அவ்விலை பால் போல் வெளுத்திருந்தது. காம்பும் வெள்ளை, தண்டும் வெள்ளை. முதற் சம்பளத்தின் பெரும்பங்கை அதற்காகக் கொடுத்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். "சேர், இது லேசிலை கிடைக்காத கண்டு" என்று சொல்லி என் மேசைமேல் அதனை வைத்தபோது அவர் முகத்தில் நிலவிய மகிழ்ச்சியை நான் இன்னும் மறந்தேனல்லேன்.

அன்று மாலை என் அயலவரான நண்பர் வந்தார். தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். பூச்சாடியைக் கையிலெடுத்து, யன்னல் வெளிச்சத்திலே மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டின் கணுவை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பின்னர், "மாஸ்ரர், இந்த வீட்டிலை அடுப்பே இல்லை. எத்தனை நாளைக்குப் பொறுக்கும்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. ஆயினும், அடுத்த வாரம் மாணாக்கர் தொலைபேசியில் அழைத்து, தாம் தந்த கன்று எப்படி இருக்கிறது என்று வினவியபோது, "நல்லாய் இருக்குது தம்பி" என்றே விடையளித்தேன். அன்பாய்த் தந்த ஒருவரிடம் அது சாகப்போகிறது என்று எவ்வாறு சொல்வது? தாட்சணியம் என் நாவைக் கட்டிவிட்டது. மூன்றாம் வாரம் இலையின் விளிம்பு பழுப்பேறிற்று. ஐந்தாம் வாரம் பாதி இலை கருகிற்று. ஏழாம் வாரம் தண்டு நீர்கோத்துச் சாய்ந்தது. அப்பொழுதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. என் சொல்லை நம்பிய அவர், அதே வகையிலே இன்னுமொரு கன்றை, முன்னதைவிடக் கூடிய விலைக்கு, ஊரிலிருக்கும் தம் தாயாருக்காக வாங்கிவிட்டார். ஓர் ஆசிரியனின் பொய் ஒரு குடும்பத்தின் பணத்தைத் தின்ற கதை இது. இக்கட்டுரையை நான் எழுதப் புகுந்ததும் இதனாலேயே.

நண்பர் சொன்ன அடுப்பின் கதையை இனிக் கூறுவேன். நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் அனைவரும் ஒரு சோதனையைக் கண்டிருப்பர். பச்சையும் வெள்ளையும் கலந்த செவ்வரத்தை இலையொன்றை வெயில் பட்ட பின் பறித்து, நீரில் அவித்து, அற்ககோலில் இட்டு நிறம் போக்கி, அதன்மேல் அயடீன் கரைசலை விடுவார்கள். முன்னர்ப் பச்சையாயிருந்த இடமெல்லாம் கருநீலமாகும். அங்கே மாப்பொருள் இருக்கிறது. வெள்ளையாயிருந்த இடமோ அயடீனின் மஞ்சட் பழுப்பு நிறத்தை மட்டும் ஏற்று வாளாவிருக்கும். அங்கே மாப்பொருள் இல்லை. ஒரே இலை, ஒரே வெயில், ஒரே நீர். எனினும், பச்சையம் உள்ள பகுதியே சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்தது. வெள்ளைப் பகுதி அயலிலிருந்து வந்ததை உண்டு வாழ்ந்தது. உண்பதை அது ஒருபோதும் நிறுத்துவதில்லை. அதுவும் சுவாசிக்கிறது, வளர்கிறது, நீரை ஆவியாக விடுகிறது. ஆகவே, முழுதும் வெளுத்த இலை செடிக்கு வரவின்றிச் செலவை மட்டுமே தருகிறது. பச்சை இலைகள் பல உள்ள செடி அச்செலவைத் தாங்கும். வெள்ளையிலை ஒன்றையே உடைய வெட்டுத்துண்டு, தண்டிலே சேமித்திருந்த உணவு தீரும்வரை வாழ்ந்து, பின் மடியும். அதற்குள் அது வேர் விடலாம். குருத்தொன்று தள்ளவுங் கூடும். அதனைக் கண்டு பிழைத்துக்கொண்டது என்று நாம் மகிழ்வதுதான் பரிதாபம்.

இத்தகைய செடிகளின் உள்ளமைப்பைப் பற்றி அறிஞர் ஆராய்ந்தது நெடுங்காலத்துக்கு முன்பே ஆகும். செடியின் குருத்து நுனியில் உள்ள கலங்களுள் சில பச்சையம் ஆக்கும் ஆற்றலை இழந்துவிடுமாயின், அவற்றிலிருந்து பெருகுங் கலங்களும் வெள்ளையாகவே இருக்கும். ஒரே உடம்பில் இருவகைக் கலங்கள் கூடி வாழும் இந்நிலையை மேனாட்டார் கைமேரா என்பர். அது கிரேக்கர் கதையில் வரும், சிங்கமும் ஆடும் பாம்புங் கலந்த ஒரு விலங்கின் பெயர். நம் கோயில் தூண்களிலுள்ள யாளியை நினைத்துக்கொண்டால் போதும். ஜேர்மனி நாட்டு அறிஞர் எர்வின் பௌர் என்பவர், வெள்ளை விளிம்புடைய பெலார்கோனியம் செடிகளை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் இவ்வமைப்பை விளக்கினார். வெள்ளைக் கலங்களும் பச்சைக் கலங்களும் குருத்து நுனியில் எவ்வெவ்விடத்தைப் பெற்றுள்ளன என்பதைப் பொறுத்தே இலையின் கோலம் அமைகிறது. குருத்து முழுவதையும் வெள்ளைக் கலங்கள் கைப்பற்றிவிட்டால், அதன்பின் அக்குருத்திலிருந்து வருவன யாவும் வெள்ளையிலைகளே.

அதே 1909ஆம் ஆண்டில் இன்னொரு ஜேர்மன் அறிஞரான கார்ல் கொரன்ஸ், நம் முற்றங்களிலும் பூக்கும் அந்திமந்தாரையை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். மெண்டலின் விதிகளை 1900ஆம் ஆண்டில் மீண்டும் உலகறியச் செய்தவருள் ஒருவர் அவர். அவர் கையாண்ட செடியிலே சில கிளைகள் பச்சை, சில வெள்ளை, சில இரண்டுங் கலந்தவை. வெள்ளைக் கிளையின் பூவுக்கு எக்கிளையின் மகரந்தத்தை இட்டபோதும், அதன் விதையிலிருந்து வெள்ளை நாற்றே முளைத்தது. பச்சைக் கிளையின் பூவுக்கு வெள்ளைக் கிளையின் மகரந்தத்தை இட்டபோதும் பச்சை நாற்றே முளைத்தது. நிறத்தைத் தீர்மானித்தது தாய்க் கிளையே. தந்தையின் பங்கு அங்கே இல்லை. அவ்வெள்ளை நாற்றுகளோ விதையிலிருந்த உணவு தீர்ந்ததும் மடிந்தன. என் மேசைமேல் இருந்த வெட்டுத்துண்டின் விதியும் அந்நாற்றுகளின் விதியே.

இனி, இவ்வகைச் செடிகளை வளர்ப்போர் பலர் செய்யும் பிழைகளைக் குறிப்பிடுவேன். இலை வெளுத்து வந்தால் பசளை போதாது என எண்ணி மேலும் மேலும் பசளையிடுவோர் உளர். இரும்புச்சத்துப் போதாமையால் இளம் இலை வெளிறுவதுண்டு. சுண்ணாம்பு மிகுந்த யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அது புதிதன்று. ஆயின், அங்கே நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். அது நோய், அதற்கு மருந்துண்டு. கைமேராச் செடியின் வெள்ளையோ நோயன்று. பச்சையம் ஆக்கும் ஆற்றலே இல்லாத கலத்துக்கு எப்பசளையும் அதனைக் கொடாது. மாறாக, மெதுவாய் வளரும் இச்செடிக்கு மிகுந்த பசளை வேரைச் சுடும்.

வேறு சிலர் வெயிலில் வைத்தால் பச்சை பிடிக்கும் என்பர். உச்சி வெயிலில் வைத்த வெள்ளையிலை ஓரிரு நாளிலே தீய்ந்துவிடும். அதனை அஞ்சி அறையின் இருண்ட மூலையில் வைத்தாலோ, உள்ள பச்சையும் சமைக்க வழியின்றிச் செடி முழுவதும் மெலியும். கிழக்கு நோக்கிய யன்னலோரம், அன்றேல் விறாந்தையில் நேர்வெயில் படாத வெளிச்சமான இடம் இதற்கு உகந்தது. செடியிற் பச்சை குறைவாதலால் வளர்ச்சியும் குறைவு. ஆகவே நீரும் குறைவாகவே வேண்டும். மேல்மண் காய்ந்ததை விரலால் அறிந்த பின்னரே நீர் விடுதல் வேண்டும். மண்ணோடு தும்புச்சோறும் கரித்துண்டும் கலந்து, நீர் தேங்காதபடி செய்தல் நன்று. சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இலை விளிம்பு விரைவிற் கருகுமாதலால், காற்று நேரே தாக்காத இடத்துக்கு மாற்றவேண்டும். இலையிற் படியும் புழுதியை ஈரத்துணியால் துடைத்துவிடவேண்டும். குறைந்த பச்சையைக் கொண்டு வாழுஞ் செடிக்கு அப்பச்சையை மறைக்கும் புழுதியும் பெரும் பாரமே.

இவையெல்லாம் துணை மருத்துவமே. தலையாய மருத்துவம் கத்தி. ஒரு குருத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு மூன்று இலைகள் முழு வெள்ளையாக வந்தால், அக்குருத்தை வெட்டிவிடவேண்டும். எவ்விடத்தில் வெட்டுவது என்பதைத் தண்டே சொல்லும். தண்டைக் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தால், பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும் அருகருகே ஓடும் ஓரிடம் காணப்படும். அங்கே, கணுவிலிருக்கும் முகையின் மேல் அவ்விரண்டு கோடுகளும் படுமாயின், அக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். அம்முகையிலிருந்து எழும் புதுக்கிளை இருநிறமும் பெறும் வாய்ப்பு மிகுதி. முழு வெள்ளையான கணுவுக்கு மேலே வெட்டுவதால் யாதொரு பயனுமில்லை. கத்தியைக் கொதிநீரிலோ அற்ககோலிலோ துடைத்துக்கொள்ளுதலும், வெட்டிய பின் காயம் உலரும்வரை அதன்மேல் நீர் படாது காத்தலும் வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சிலவேளை கலப்பிலைச் செடியிலிருந்து முழுப் பச்சைக் கிளை எழும். அது நன்றாய்ச் சமைத்து உண்டு, விரைந்து வளர்ந்து, கலப்புக் கிளைகளை முந்திவிடும். கலப்பின் அழகைக் காக்க விரும்புவோர் அதனையும் வெட்டவேண்டியவரே. மஞ்சள் விளிம்புடைய மருளை வளர்ப்போர் இதனை வேறொரு வகையில் அறிவர். அதன் இலைத்துண்டை நட்டால் முளைப்பது விளிம்பற்ற வெறும் பச்சை மருளே. விளிம்பு வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடவேண்டும். இரு நிறமும் கூடி வாழ்வது எளிதில் நிலைக்கும் ஒன்றன்று. நாள்தோறும் பார்த்து, வேண்டியபோது வெட்டி, அதனைக் காத்தல் வேண்டும்.

நண்பர்கள் சிலர் இதனோடு உடன்படார். "இயற்கை தந்ததை வெட்டுவானேன்? இருக்கும்வரை இருக்கட்டுமே" என்பர். இதற்கு அவர்கள் கலிபோர்னியாவிலுள்ள செம்மரங்களைக் காட்டுவதுண்டு. வானளாவ வளரும் அம்மரங்களின் அடியிலிருந்து சிலவேளை முழு வெள்ளைத் தளிர்கள் கிளைக்கும். சில, பல்லாண்டு வாழும். உண்மைதான். ஆயின், அவை தாய்மரத்தின் வேரோடு ஒட்டி, அம்மரம் சமைத்ததை உண்டே வாழ்கின்றன. மாபெரும் மரமொன்று தாங்கக்கூடிய செலவை, ஐந்தாறு இலைகளையுடைய பூச்சாடிச் செடி எவ்வாறு தாங்கும்? ஆதலின் நான் கொள்ளும் விதி இதுவே: கீழே நல்ல பச்சையிலைகள் பல இருக்க, ஒரு வெள்ளையிலை வருமாயின், அது கருகும்வரை இருக்கட்டும், கண்குளிரக் காண்போம். வெள்ளை தொடருமாயின் வெட்டுவோம். வெள்ளையே தனித்து நிற்குமாயின் அதனை வாங்காது விடுவோம்.

வெள்ளையாய்த் தோன்றுவன யாவும் இக்குறையுடையன என்று கொள்ளுதலும் தவறு. சில செடிகளின் இலையில் வெள்ளிபோல் மின்னும் திட்டுகள் உண்டு. அங்கே மேற்றோலின் கீழ் உள்ள காற்றிடை ஒளியைச் சிதறச் செய்வதால் அவ்வாறு தோன்றுகிறது. அதன் அடியிலே பச்சையம் தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கும். நம் நாட்டிலும் வளரும் வெள்ளிலைச் செடியின் வெள்ளை இலையோ, உண்மையில் இலையன்று. பெருத்து விரிந்த புல்லிதழ். வண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் சிறு பூக்களிடம் அழைத்து வருவது அதன் தொழில். தன் செடிக்கு ஊழியம் செய்யும் வெண்மை அது.

விலையைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்திலே இச்செடிகளின் மேல் உலகெங்கும் மோகம் மூண்டது. 2021ஆம் ஆண்டில் நியூசிலாந்திலே ஒன்பது இலைகளையுடைய, வெள்ளை படர்ந்த ராபிடோபோரா என்னும் கொடியொன்று 27,100 நியூசிலாந்து டொலருக்கு ஏலம் போனது. அவ்விலை கொடுத்தவர் பச்சையுங் கலந்த, வேர் பிடித்த செடியையாவது பெற்றார். நம்மவரோ அந்த மோகத்தின் அலையிலே, வேரும் பச்சையும் இல்லாத வெள்ளைத் துண்டுகளை வாங்குகிறார்கள். வாங்குவோர் இலையை நோக்குவதை விடுத்துத் தண்டை நோக்கப் பழகவேண்டும். கணுவிலே பச்சைக் கோடு இல்லையேல் கைநீட்டலாகாது. விற்போரும், "இது நெடுநாள் வாழாது; பூவைப்போல் வைத்துப் பார்க்கலாம்" என்று சொல்லி, பூவின் விலைக்கு விற்பாராயின் அதில் எக்குற்றமும் இல்லை. கன்றென்று சொல்லி விற்பதே குற்றம்.

விற்பவரைக் குறைகூறும் நான் செய்தது மட்டும் என்ன? அறிந்திருந்தும் சொல்லாதிருந்தேன். ஆசிரியத் தொழிலிலே இது புதிய குற்றமன்று. மாணாக்கர் கொண்டுவரும் கட்டுரையில் சொல்லலங்காரம் நிறைந்து, பொருள் சிறிதுமில்லாதபோதும், அவர் முகம் வாடுமே என்று "நன்று" என எழுதிக் கொடுத்த நாள்கள் எனக்கு உண்டு. இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களுள் சிலருக்கும் இருக்கலாம். அவ்வொரு சொல்லை நம்பி அம்மாணாக்கர் அதே வழியில் எத்தனை ஆண்டு நடந்திருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இறுதியில், 2022ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு அவர் ஊர் வந்தபோது உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர், "சேர் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அவர் குரலிற் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

அடுத்த நாள் என் அயலவரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது கன்று நல்லூழுடையது. மேலே இரண்டு வெள்ளையிலைகள் நின்றன. கீழே இரண்டு கலப்பிலைகள் இருந்தன. தண்டிலே பச்சைக் கோடும் ஓடியது. வெட்டவேண்டும் என்றதும் தாயார் திடுக்கிட்டார். "இவ்வளவு காசு குடுத்து வாங்கினதை வெட்டுறதோ வாத்தியார்?" என்று கேட்டார். நண்பர் கணுவையும் கோட்டையும் அவருக்குக் காட்டினார். அவர் சிறிது நேரம் குனிந்து பார்த்தார். பின் உள்ளே சென்று, பெட்டி இழைக்கும் சத்தகத்தைக் கொண்டுவந்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, தம் மகன் கையிலே கொடுத்தார். மாணாக்கரே வெட்டினார்.

ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின் கணுவிலிருந்து முகை எழுந்தது. முதலில் விரிந்த இலை பாதி பச்சை, பாதி வெள்ளை. இன்று அக்கொடி அவ்வீட்டு விறாந்தைத் தூணைப் பற்றி ஏறிவிட்டது. இடையிடையே வெள்ளைக் குருத்து வருவதுண்டு. யாரையும் கேளாமல் தாயாரே சத்தகத்தை எடுத்துவிடுகிறார். வெட்டிய வெள்ளையிலையை நீர் நிறைந்த செம்பொன்றில் இட்டு வாசல் மேசையில் வைக்கிறார். சென்ற மாதம் நான் போனபோதும் அங்கே ஓர் இலை இருந்தது. அழகாகத்தான் இருந்தது.